பொங்கல் பானையை அணைத்தவர்

அவர் எதையும் ஒரு தரம்தான் சொல்வார். "என்ன அண்ணை?" என்று திருப்பிக் கேட்டால் நம்முடைய முகத்தை ஒருமுறை பார்ப்பார், பிறகு தன் வேலையைப் பார்ப்பார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, "காது கேக்காத ஆக்களுக்கு என்ன செய்வியள்?" என்று கேட்டுவிட்டேன்.

"கடவுள் ரெண்டு காது தந்தவர். நான் சொல்லுறதுக்கு ஒண்டு காணும்," என்றார்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஓடைக்கரையோடு ஒரு பார்க் இருக்கிறது. ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், மெரிலேண்ட்ஸுக்கும் வென்ட்வேர்த்வில்லுக்கும் நடுவில். வெளியூர் ஆட்கள் தேடி வருகிற பெரிய பார்க் இல்லை. செத்துக் கிடந்த அந்தப் பார்க்கைத் திரும்ப எழுப்பியவர் அவர். அதே பார்க்கிலிருந்து அவரைத் துரத்தினவர்களில் நான்தான் முதல் ஆள். இதை முதலில் எழுதாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு சொல் எழுத என் கை வரமாட்டேன் என்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுதத் தெரிந்து எழுதவில்லை. முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. உயிரோடு இருந்தபோது அந்தப் பெயரை நாங்கள் என்ன பாடு படுத்தினோம் என்று எனக்குத் தெரியும். இப்போது அச்சில் போட்டு அழகு பார்ப்பது சரியில்லை.

நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்தபோது அந்தப் பார்க்குக்குள் யாரும் போகமாட்டார்கள். இடுப்புயரத்துக்கு உண்ணிச்செடி. ஓடைக்குள் கடைத் தள்ளுவண்டிகள், கார் டயர், யாரோ கொண்டுவந்து போட்ட மெத்தை. மெத்தைக்கு மேல் வெள்ளைக் கொக்குகள் நிற்கும். காலையில் நான் சாமிக்குப் பூப் பறிக்க வெளியே வரும் நேரம் ஒரு மனுஷன் மட்டும் ஒற்றைச் சில்லு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். ஒல்லி. காதை மூடுகிற தொப்பி. இங்கே கோடையான தை மாதத்தில் கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான். முதலில் நகரசபைக் கவுன்சில் ஆள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எங்கடை ஆள், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் பின்வளவு அறையில் தனியாக இருக்கிறார், இரவு வேலைக்குப் போய் வந்து நித்திரை கொள்ளாமல் பார்க்குக்கு வருகிறார் என்று.

அவருக்குச் சில பழக்கங்கள் இருந்தன. பார்க்கை விட்டு வெளியே வரும்போது வாசல் பைப்பில் சப்பாத்தைக் கழுவுவார். கழுவி முடித்த பிறகும் அதைப் போடமாட்டார், கையில் தூக்கிக்கொண்டு வேறு செருப்போடு நடப்பார். பார்க்கில் இருந்து நேரே யார் வீட்டுக்குள்ளும் வரமாட்டார். நான் எத்தனையோ நாள், "உள்ளுக்கு வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்று கூப்பிட்டிருக்கிறேன். கேற்றுக்கு வெளியில் நின்றே குடிப்பார். "செத்த வீட்டால வந்தவர் மாதிரி முழுகிட்டுத்தான் வருவார் போல," என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

இன்னொன்று, அவருடைய தண்ணீர்ப் போத்தல். பூவுக்குத் தண்ணீர் விசிறுகிற போத்தல் ஒன்று எப்போதும் இடுப்பில் தொங்கும். நிலத்தில் சில துண்டுகளைக் கண்டால் குந்தி, அதன்மேல் தண்ணீரை விசிறி, நனைந்த பிறகுதான் தொடுவார். தடித்த பிளாஸ்ரிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு மூலையில் வைப்பார். "ஐயர் தீர்த்தம் தெளிக்கிறார்," என்று நாங்கள் சிரித்தோம். தீர்த்த அண்ணை என்று பட்டம் வைத்தோம். அந்தப் பட்டத்தை வைத்தது நான்தான். அது அவருக்கும் தெரியும்.

அப்படிப் பகிடி பண்ணின நான் அவரிடம் ஒரு நன்றி பட்டிருக்கிறேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

கொரோனா ஊரடங்கு நேரம் யாழ்ப்பாணத்தில் என் அம்மா மோசம் போனார். பிளேன் இல்லை. போனில்தான் நெருப்பைப் பார்த்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஓடும் தண்ணீரில் நாலு பூவாவது விட வேண்டும் என்று எனக்கு ஆசை. கடலுக்குப் போக விடமாட்டார்கள், ஐந்து கிலோமீற்றருக்குள்தான் நடமாடலாம். ஓடையைப் பற்றி என் கணவரிடம் கேற்றடியில் வைத்துப் பேசினேன். "அந்தச் சாக்கடைக்குள்ளையோ அம்மாவுக்குப் பூ விடப்போறாய்?" என்றார் அவர். அந்த நேரம் அண்ணை வெளியில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை மதிலில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து நான் போய்ப் பார்க்கும்போது ஓடைக்கரையில் ஐந்து படி வெட்டியிருந்தது. கீழே தண்ணீர் கல்லுக்கு மேலால் சத்தம் போட்டு ஓடியது. இழுத்தெடுத்த தள்ளுவண்டிகளும் டயர்களும் மேலே ஒரு பக்கமாக அடுக்கியிருந்தன. அவர் தூரத்தில் நின்று, "பூவை மட்டும் விடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்," என்றார். நான் பூவை மட்டும் விட்டேன். திரும்பிப் பார்த்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஊரடங்கு முடிந்த பிறகுதான் மற்றவர்களும் பார்க்குக்குள் கால் வைத்தார்கள். படியைப் பார்க்க வந்தவர்கள் உண்ணிச்செடி வெட்டினார்கள். கார்த்திக் என்று தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர், கம்ப்யூட்டர் வேலை, கடிதம் எழுதுவதில் கெட்டிக்காரர். அவர்தான் கவுன்சிலோடு பேசி எங்களைத் தொண்டர் குழுவாகப் பதிந்தார். ஒறேஞ்ச் நிற மேற்சட்டை தந்தார்கள், கையுறை தந்தார்கள், நாற்றுகள் தந்தார்கள். இருப்பதற்கு மரவாங்கு வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். சனிக்கிழமை காலையென்றால் அது எங்களுக்கு இன்னொரு கோயில் மாதிரி ஆகிவிட்டது. அண்ணை பழையபடி தனியே ஒரு மூலையில் குந்தியிருப்பார்.

அந்தப் பார்க் முன்பு என்னவாக இருந்தது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. அவர் கேட்டார். எதிர் வீட்டில் எண்பது தாண்டிய மோல்ட்டா நாட்டுக் கிழவி ஒருத்தி இருந்தாள். அவளுடைய புல்லை வெட்டிக் கொடுத்துவிட்டு வேலியடியில் நின்று கதை கேட்பார். முதலில் அந்த இடத்தில் செங்கல் சூளைக்குக் களிமண் எடுத்தார்களாம். பெரிய குழி. சூளை மூடிய பிறகு அந்தக் குழிக்குள் இடித்த வீடுகளையும் குப்பையையும் கொட்டி நிரப்பினார்களாம். மேலே கொஞ்சம் மண், அதற்கு மேலே புல், பந்தடிக்கிற இடம். அவளுடைய பிள்ளைகள் அதில்தான் விளையாடினார்களாம். அண்ணை கோயில் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குழி எங்கிருந்து எங்கு வரை என்று கீறி, கார்த்திக்கிடம் கொடுத்தார்.

"சூப்பர்ணே, ஹிஸ்டரி பேஜ்ல போட்டுடலாம்," என்று சொல்லிக் கார்த்திக் அதைக் கோப்பில் வைத்தார்.

அதற்கடுத்த பெருமழையில் ஓடை பெருகிக் கரையை அரித்தது. தண்ணீர் வற்றினதும் பார்த்தால் கரையெல்லாம் சாம்பல் நிறச் சீற்றுத் துண்டுகள். சில உள்ளங்கையளவு, சில முழங்கை நீளம். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அஸ்பெஸ்டஸ் சீற்று. எங்கள் வீட்டுக் கூரை, பள்ளிக்கூடத்துக் கூரை, கோயில் மடைப்பள்ளிக் கூரை எல்லாம் அதுதான்.

நான் நல்ல நேரான துண்டுகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பூப்பாத்தியைச் சுற்றி வரம்பு மாதிரி நட்டால் மண் கரையாது என்று யோசனை. அவர் வந்தார்.

"அதைத் தொடாதேங்கோ. அது நஞ்சு."

ஒரு தரம். அவ்வளவுதான். என் கணவர் பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார்.

"என்ன அண்ணை நஞ்சு? கூரையால வழிஞ்ச மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிச்சுக் குடிச்சு வளந்தவன் நான். எங்கட அப்பா எண்பத்தெட்டு வயசு மட்டும் அதுக்குக் கீழதான் படுத்தவர்."

அண்ணை அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு போத்தலை எடுத்து நான் பொறுக்கி வைத்த குவியலுக்குத் தண்ணீர் விசிறினார். நான் அவர் சுற்றிக் கட்டாமல் மிச்சம் விட்ட துண்டுகளை எடுத்து, அவர் வேலைக்குப் போன ஒரு பின்னேரம் பாத்தியைச் சுற்றி நட்டுவிட்டேன். மண்ணைப் போட்டு மூடி, நுனி மட்டும் தெரிய. எல்லோரும் வடிவு என்றார்கள். அவர் பார்த்துவிட்டு ஒரு சாக்கைக் கொண்டுவந்து பாத்தியடியில் போட்டார். எடுக்கச் சொல்லி. நான் சாக்கை மடித்து, மண்வெட்டிகள் வைக்கிற குடிலுக்குள் வைத்தேன்.

அடுத்த தைப்பொங்கலைப் பார்க்கில் வைத்தோம். விறகு அடுப்புக்கு அனுமதி இல்லை, காஸ் அடுப்பு வைக்கலாம் என்றார்கள். வென்ட்வேர்த்வில் கடையில் புதுப் பானை வாங்கி, மஞ்சள் கட்டி, கோலம் போட்டு, அறுபது எழுபது பேர் கூடியிருந்தோம். ஓடைப்பக்கத்தால் ஒரே காற்று. அடுப்பு அணைந்து அணைந்து போனது. அட்டைப்பெட்டியை மறைப்பாக வைத்தோம், பறந்துவிட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போது எனக்குத்தான் பாத்தியடி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் நாலு பெரிய துண்டுகளைப் பிடுங்கிவந்து, ஒன்றோடொன்று அடித்து மண்ணைத் தட்டி, அடுப்பைச் சுற்றி நிறுத்தினேன். ஒன்று நிற்கவில்லை. பதின்மூன்று வயது என் மகளைக் கூப்பிட்டேன்.

"இதை விழாமல் பிடி, பிள்ளை."

"அம்மா, இற்ஸ் டேர்ட்டி."

"சாமி காரியம். பிடி."

பிடித்தாள். பால் கொதித்து வந்தது. நுரை விளிம்புக்கு ஏறுகிற நேரம், காற்றில் சாய்ந்த நெருப்பு பட்டுப் பட்டுச் சூடேறியிருந்த துண்டு படார் என்று வெடித்தது. எங்கள் ஊரில் பானை பொங்கும்போது சீனவெடி கொளுத்துவார்கள். பிள்ளைகள் அதுதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். இரண்டாவது துண்டும் வெடித்தது. இன்னும் பலமாகத் தட்டினார்கள். காற்றில் மெல்லிய சாம்பல் மாதிரி ஏதோ பறந்தது.

அவர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி அப்படியே ஊற்றினார். அடுப்பு, சீற்று, பானை எல்லாவற்றுக்கும் மேலே. பொங்கி வந்த பால் இறங்கிப்போனது. என் மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தூரத் தள்ளினார். அவளுக்குத் தலையோடு தண்ணீர். "எல்லாரும் காத்துக்கு மற்றப் பக்கம் போங்கோ," என்றார். பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள்.

பொங்குகிற பானை அணைந்தால் என்னவென்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பொங்கிற பானையில தண்ணி ஊத்தினவன் உருப்படமாட்டான். உங்களுக்கெண்டு ஒரு பிள்ளை குட்டி இருந்தால் எல்லோ பிள்ளையளின்ர பொங்கலின்ர அருமை தெரியும்."

அவர் குந்தியிருந்து உடைந்த துண்டுகளுக்குத் தண்ணீர் விசிறத் தொடங்கினார். எங்கள் ஆட்களில் இருவர் அவரை அடிக்கப் போனார்கள். கார்த்திக்தான் நடுவில் நின்று தடுத்தார். நாங்கள் தண்ணீர் கலந்த பாலைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அடுத்த நாள் கார்த்திக்கின் கராஜில் கூட்டம். "அவருக்கும் ஒரு வாய்ப்பு குடுத்துக் கேட்டுரலாம்," என்றார் கார்த்திக். அவரைக் கூப்பிட்டிருந்தார்கள், வாசலில் நின்றார். கேட்டார்கள். "முதலே சொன்னனான்," என்றார். மேற்கொண்டு ஒன்றும் இல்லை.

நான் எழும்பினேன். "அவர் வந்தால் நான் வரமாட்டன். அவரின்ர கையால நட்ட மரத்தடியில நான் ஒரு பூவும் வைக்கமாட்டன்."

விரதம் பிடிக்கிறவள், கோயிலில் மாலை கட்டுகிறவள், என் சொல்லுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையை வைத்துத்தான் அவரைக் கொன்றேன் என்று இப்போது தோன்றுகிறது. எல்லோரும் கை தூக்கினார்கள். அவர் மறுநாள் ஒறேஞ்ச் மேற்சட்டையைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, மடித்துக் கார்த்திக் வீட்டுக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் பார்க்குக்கு வந்தார்கள். பின்னேரத்துக்குள் சுற்றிவர வேலி. நாங்கள் நட்ட பாத்தி, பிள்ளைகளின் ஊஞ்சல், ஓடைப் படி எல்லாம் உள்ளே. கவுன்சிலுக்குப் போன் பண்ணியது யார் என்று கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. அண்ணை தன் பெயரைக் கொடுத்தே சொல்லியிருந்தார். காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் எங்கள் சனத்தின் வாயில் சும்மா வருகிற சொல் இல்லை. அந்தச் சொல்லுக்காக ஊரில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். கடையில் அவர் நுழைந்தால் தமிழ்ப் பேச்சு நிற்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போய் நிற்பார். நான் ரோட்டில் கண்டால் மற்றக் கரைக்கு மாறுவேன்.

மண்ணைச் சோதித்துக் கவுன்சில் கடிதம் அனுப்பியது. அவர் சொன்னது சரி என்று அதில் இருந்தது. அன்று அடுப்படியில் நின்ற பிள்ளைகளின் பெயர்களை வைத்தியரிடம் பதியச் சொல்லியும் இருந்தது. அதற்குப் பிறகாவது யாரும் அவரிடம் போனோமா? இல்லை. சரியாகச் சொன்னவர் மேல் இன்னும் கோபம்தான் வந்தது. வைத்தியர் என் மகளைப் பார்த்துவிட்டு, மூச்சோடு உள்ளே போன தூசுக்கு இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, நெஞ்சில் புற்றுநோய் வருவதென்றால் முப்பது நாற்பது வருசம் கழித்துத்தான் தெரியும், ஒருநாள் பட்டதற்கு வருவது மிகவும் குறைவு என்றார். குறைவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வது?

வேலி போட்டு ஒன்றரை வருசம் இருக்கும். கணவருடைய நீரிழிவு வருத்தத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். லிஃப்ட் கதவு திறந்தபோது சக்கரக் கதிரையில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சட்டைக்குள்ளிருந்து ஒரு குழாய், அதன் முனையில் மஞ்சள் தண்ணீர்ப் போத்தல். தொப்பி இல்லாததால் முதலில் பிடிபடவில்லை. நாலாம் மாடியில் அவர் இறங்கினபோது நானும் இறங்கிவிட்டேன்.

கட்டிலடியில் நின்று, "அண்ணை," என்றேன்.

"பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?" என்று கேட்டார். முதல் கேள்வி அதுதான்.

நான் அழுதேன். வைத்தியர் சொன்னதைச் சொன்னேன்.

"பயப்பிடாதேங்கோ. நான் ஆறு வருசம் உடைச்சனான்."

அன்றுதான் அவர் கொஞ்சம் நீளமாகப் பேசினார். மூச்சு வாங்கி வாங்கி. எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்தவர். கிடைத்த வேலை பழைய வீடுகளை இடிப்பது. சீற்றுக் கூரையைச் சுத்தியலால் அடித்து உடைத்து லொறியில் ஏற்றுவார்களாம். மத்தியானம் அந்தத் துண்டுகளுக்கு மேலேயே இருந்து சாப்பிடுவார்களாம், தூசு அடங்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்ததில்லையாம். அவரோடு வேலை செய்த நாலு பேரும் எங்கடை பெடியள். மூன்று பேர் போய்விட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, எங்கள் பார்க்குக்குள் கொட்டின வீடுகளைப் போலத்தான் அந்த வீடுகளும் என்றார்.

"ஏன் அண்ணை அண்டைக்கு இதைச் சொல்லேல்லை? கராஜில நிண்டு ரெண்டு வசனம் சொல்லியிருந்தால் நாங்கள் கேட்டிருப்பம் எல்லோ?"

"முதலாளியிட்டை நாங்கள் கேட்டனாங்கள், இது கூடாது எண்டு சொல்லீனமே எண்டு. ஒவ்வொரு நாளும் சொல்லுவான், ஒண்டும் செய்யாது, ஒண்டும் செய்யாது எண்டு. நூறு தரம் சொல்லியிருப்பான். நம்பினனாங்கள்." பிறகு, "திருப்பித் திருப்பிச் சொல்லுற சொல்லில எனக்கு விருப்பமில்லை," என்றார்.

அந்தப் பிடிவாதத்தில் அவர் பக்கமும் ஒரு பிழை இருந்தது என்று சிலவேளை நினைக்கிறேன். இரண்டாம் தரம் சொல்லியிருந்தால் என் மகள் அந்தத் துண்டைப் பிடித்திருக்கமாட்டாள். நினைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். முதல் தரமே கேட்காதவள் இரண்டாம் தரம் கேட்டிருப்பேன் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் போனேன். கஞ்சி கொண்டுபோவேன். திருநீறு பூசுவேன், மறுக்கமாட்டார். ஆட்களிடம் சொல்லட்டா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பார்க் என்ன மாதிரி என்று மட்டும் கேட்பார். வேலியால் பார்த்ததைச் சொல்வேன். மேல்மண்ணை அள்ளிவிட்டார்கள், மிச்சத்துக்கு மேல் ஒறேஞ்ச் வலை விரித்திருக்கிறார்கள், வலைக்கு மேல் நல்ல மண் அரை மீற்றர் போட்டுப் புல் விதைத்திருக்கிறார்கள்.

"மரம்?"

"பழைய மரங்கள் நிக்குது. புதுசா வைக்கேலாதாம். புல்லும் சின்னப் பத்தையும் மட்டும்தானாம்."

"ஓம். வேர் வலையைக் கிழிக்கும். கிழிச்சால் சீற்று திரும்பவும் மேல வரும்." கொஞ்சம் பொறுத்து, "வைக்க விடாதேங்கோ," என்றார்.

வேலி கழற்றின கிழமை அவர் போய்விட்டார். திறந்த பார்க்கை அவர் பார்க்கவில்லை. அவருக்குச் செத்தவீடு நடத்த உறவு என்று யாரும் இல்லை. நான் அப்போதுதான் வாயைத் திறந்து எல்லோரிடமும் சொன்னேன், என்ன வருத்தம், எதனால் வந்தது, அன்று ஏன் ஓடி வந்தார் என்று. சனம் வந்தது. கடையில் பேச்சை நிறுத்தினவர்கள் வந்தார்கள். கார்த்திக் பிள்ளை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார். என் கணவர் கொள்ளி வைத்தார்.

முப்பத்தோராம் நாள் என்ன செய்வதென்று கூடினபோது, பார்க்கில் அவர் நினைவாக ஒரு மரம் நடுவோம் என்றார்கள். ஒரு அன்ரி தன் வீட்டில் விதை போட்டு வளர்த்த வில்வங்கன்றைத் தருவதாகச் சொன்னா. சிவனுடைய மரம். அவர் குந்தியிருக்கிற மூலையில் வைப்போம், கீழே ஒரு கல்லில் பெயர் வெட்டுவோம். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். மனதார விரும்பினார்கள், அதில் ஒரு பொய்யும் இல்லை. எனக்குள்ளும் ஒரு பக்கம், நடட்டுமே என்றது. நான் சொன்ன சொல்லுக்கு அதை விட நல்ல பரிகாரம் உண்டா?

"அதில மரம் வைக்கேலாது. வலை இருக்கு," என்றேன்.

"சின்னக் குழிதான்க்கா. நானே கையால தோண்டிடறேன்," என்றார் கார்த்திக். "பர்மிஷன் கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவாங்க. வச்ச மரத்தைப் புடுங்க மாட்டாங்க."

"கன்று சின்னன். வேர் சின்னனா நிக்காது, தம்பி. அவரே வேண்டாம் எண்டவர்."

அந்த அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தா. "அண்டைக்கும் நீர்தான் அந்த மனுசனைக் கலைச்சனீர். இண்டைக்கு ஒரு மரமாக்கூட அவரை அங்கை நிக்க விடமாட்டீரோ?"

அவ சொன்னதில் எதை மறுப்பது? சனிக்கிழமை எட்டு மணிக்கு நடுவதென்று முடிவாகியது.

வியாழக்கிழமை சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு அதன் முன்னாலேயே இருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, "வட்ஸ் றோங், அம்மா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனில் கவுன்சில் இலக்கத்தைத் தேடி என் முன்னால் வைத்தாள்.

"வேணுமெண்டா நான் பேசட்டா? உங்கட இங்கிலிஷ்…"

"வேண்டாம். இதை நான்தான் சொல்லவேணும்."

குசினியில் நின்ற என் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். "யோசிச்சுச் செய். இனி கோயில்லை உன்னோட ஆர் கதைப்பினம்?"

"நான் கும்பிடத்தானே போறனான்," என்றேன். ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இதை எழுதுகிற நேரம் அந்த வில்வங்கன்று அன்ரி வீட்டு முற்றத்தில் தொட்டியிலேயே நிற்கிறது. சனிக்கிழமை காலை அவர்கள் போனபோது கவுன்சில் ஆட்கள் இருவர் அங்கே நின்றார்கள். அதற்குப் பிறகு மாலை கட்டுகிற இடத்தில் எனக்கு யாரும் நகர்ந்து இடம் தருவதில்லை. தூணடியில் இருக்கிறேன். அவரைச் சொன்ன அதே சொல்லை இப்போது என்னைச் சொல்கிறார்கள். நான் அவருக்குச் செய்ததற்கு இது கூலி என்றும் நினைக்கவில்லை, இதனால் அது தீர்ந்தது என்றும் நினைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தேவாரம் முடிய, அன்று அடுப்பைச் சுற்றி நின்ற பிள்ளைகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் சொல்லிக் கும்பிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை போனை எடுத்தது ஒரு பெண்பிள்ளை. பொறுமையான குரல். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் பார்க், சனிக்கிழமை, மரம், குழி, வலை என்று சொன்னேன். விளங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். பிறகு, "பெயர் சொல்ல விருப்பம் இல்லையென்றால் சொல்லத் தேவையில்லை. பெயர் இல்லாமலும் பதியலாம்," என்றாள்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கோ," என்று சொல்லி, என் பெயரை அவள் எழுதி முடிக்கும் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.